பேனல் கிளினிக்கிலிருந்து அரசாங்க கிளினிக்குக்கு: அப்பாவின் மாத்திரைகள் மாறும்போது

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து, 60 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். இதுவரை கம்பெனி செலவில் பார்க்கும் தனியார் கிளினிக்கான பேனல் கிளினிக்கில் மருந்து வாங்கினார். அந்த அட்டை இப்போது செல்லாது என்பதால் அரசாங்க கிளினிக்கில் பதிந்திருக்கிறீர்கள். பழைய பட்டியல்: ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோப்ரில் அர்ஜினைன் 5 மி.கி., அம்லோடிபின் 10, சர்க்கரைக்குக் காலையில் கிளிக்லசைட் எம்ஆர் 60 ஒன்று, இரவில் மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர் 500 இரண்டு, கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின் 10. புதிய பட்டியல்: பெரிண்டோப்ரில் 4, அம்லோடிபின் 10, கிளிக்லசைட் 80 காலை மாலை ஒவ்வொன்று, மெட்ஃபோர்மின் 500 காலை மாலை ஒவ்வொன்று, இரவில் சிம்வாஸ்டாட்டின் 40. "ஒன்று குறைந்திருக்கிறது, ஒன்று கூடியிருக்கிறது, எல்லாம் மலிவு மருந்தாகத் தெரிகிறது. அப்பாவும் மருந்து கேக்கலை என்கிறார். விடியற்காலையில் இரண்டு முறை உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதோடு போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: பழைய மாத்திரை இரண்டு மாதத்துக்கு மிச்சம் இருப்பதால், வீணாக்க மனமில்லாமல் காலையில் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார். அவசரமான விஷயம் அதுதான். மலிவா விலை கூடியதா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் பழையதையும் சேர்த்துப் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கிளிக்லசைட் எம்ஆர் 60 மி.கி. ஒன்று, சாதாரண கிளிக்லசைட் 80 மி.கி. இரண்டு செய்யும் வேலையைச் செய்யும். எம்ஆர் என்றால் மருந்து மெதுவாக, ஒரு நாள் முழுக்கக் கசியும்படி செய்த மாத்திரை. அதனால்தான் 30 மி.கி. எம்ஆரும் 80 மி.கி. சாதாரண மாத்திரையும் ஒரே தரம். கிளினிக் டாக்டர் கணக்குச் சரியாகப் பார்த்துத்தான் 60 எம்ஆருக்குப் பதில் 80 இரண்டு எழுதியிருக்கிறார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அப்பா பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவதால் உடம்புக்குள் போவது இரண்டு மடங்கு. கிளிக்லசைட், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரவு முழுக்க வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோகிறது. விடியற்காலை வேர்வைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். மருந்து கேட்காமல் இல்லை, அளவுக்கு மேல் கேட்கிறது.

மறுபடி வேர்த்தால், கை நடுங்கினால், திடீரென்று பசித்தால், பேச்சு குழறினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். பார்க்கும் கருவி இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம், சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: கிளிக்லசைட்டால் வரும் தாழ்வு ஒருமுறை சரியானாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரும், எம்ஆர் என்றால் ஒரு நாள் வரைகூட இழுக்கும். "இப்ப நல்லா இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் அன்று இரவு தனியாகத் தூங்க விடாதீர்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். இரண்டு முறை நடந்துவிட்டது என்பதால், அடுத்த தேதிவரை பொறுக்காமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் சர்க்கரை எளிதில் தாழ்ந்துபோகலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார்கள்.

இனி ஒவ்வொரு மாத்திரையாகப் பார்ப்போம்.

பெரிண்டோப்ரில் 5, 4 ஆனதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிண்டோப்ரில் தனியாக மாத்திரையில் நிற்காது, ஓர் உப்போடு சேர்த்துத்தான் செய்வார்கள். அர்ஜினைன் உப்பின் எடை கொஞ்சம் கூடுதல், எர்புமின் உப்பின் எடை கொஞ்சம் குறைவு. உப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் 5 மி.கி. அர்ஜினைனிலும் 4 மி.கி. எர்புமினிலும் இருக்கும் பெரிண்டோப்ரில் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 3.3 முதல் 3.4 மி.கி. அதேபோல் அர்ஜினைன் 10க்கு எர்புமின் 8. இது தெரியாமல் "அஞ்சு இருந்துச்சு, நாலு குடுத்துட்டாங்க" என்று ஒன்றேகால் மாத்திரை உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். இந்த மாத்திரையைக் காலையில் பசியாறுவதற்கு முன்னால் போடுவது நல்லது, சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவது குறைகிறது.

அம்லோடிபினில் மாறியது கம்பெனி மட்டும். மருந்தும் அளவும் அதேதான், பழைய நேரத்திலேயே போடலாம்.

மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆரும் சாதாரண மெட்ஃபோர்மினும் ஒரு நாளைக்கான மொத்தத்தில் சமம், 1000 மி.கி. எக்ஸ்ஆர் மெதுவாகக் கரைவதால் இரவில் ஒரே தடவை போதும். சாதாரணமானதை இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டோடு போட வேண்டும். மாறிய முதல் இரண்டு வாரம் வயிறு இளகலாம், குமட்டலாம். அதைப் பொறுக்க முடியாவிட்டால் நிறுத்தாமல் போய்க் கேளுங்கள். எக்ஸ்ஆர் போட்ட காலத்தில் மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததைப் பார்த்து "கரையவே இல்லை" என்று நினைத்திருப்பார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வந்தது வெறும் கூடு, மருந்து ஏற்கெனவே இறங்கிவிட்டது. எம்ஆரையோ எக்ஸ்ஆரையோ மென்று விழுங்குவதும் இடித்துப் பொடியாக்குவதும் ஆபத்து. ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் வெளியாகிவிடும்.

கொழுப்பு மாத்திரையில்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். மற்றவை அதே மருந்தின் வேறு கம்பெனி, வேறு உப்பு, வேறு வடிவம். ரோசுவாஸ்டாட்டினிலிருந்து சிம்வாஸ்டாட்டினுக்குப் போவது வேறு மருந்துக்கே போவது. ரோசுவாஸ்டாட்டின் 10 கெட்ட கொழுப்பை ஏறக்குறைய 45 விழுக்காடு இறக்கும், சிம்வாஸ்டாட்டின் 40 சுமார் 40 விழுக்காடு. அந்த வித்தியாசத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அப்பா அம்லோடிபின் சாப்பிடுகிறார். அம்லோடிபின் சிம்வாஸ்டாட்டின் உடைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். தசை வலி, அரிதாகத் தசை அழிந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலைகூட வரலாம். அதனால் இரண்டும் சேரும்போது சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது மருந்துக் குறிப்பிலேயே இருக்கும் எல்லை. 20 மி.கி. போட்டால் கொழுப்பு இறங்குவது இன்னும் குறையும். இந்த இடத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் பொருத்தமாக இருக்கும். 20 மி.கி. ஏறக்குறைய பழைய பலனைத் தரும், அம்லோடிபினோடு இந்த மாதிரி உரசலும் இல்லை, எந்த நேரமும் போடலாம். நீங்களாக மாற்ற வேண்டாம். கிளினிக் மருந்தக முகப்பில் "அம்லோடிபின் 10 போடுகிறாரே, சிம்வாஸ்டாட்டின் 40 சரியா?" என்று இந்த ஒரு வரியைக் கேளுங்கள். அவர்களே டாக்டரிடம் பேசி மாற்றுவார்கள். அதற்கிடையில் தொடை, தோள் தசையில் காரணமில்லாத வலியோ கருஞ்சிவப்புச் சிறுநீரோ வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போங்கள். எந்த ஸ்டாட்டின் ஆனாலும் மாறி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை கொழுப்பு ரத்தப் பரிசோதனை வேண்டும். இல்லாவிட்டால் மாற்றியது சரியா என்று யாருக்குமே தெரியாது.

மலிவு என்ற கேள்விக்கு வருகிறேன். அசல் கம்பெனி மருந்தானாலும், அதே மருந்தை வேறு கம்பெனி செய்து விற்கும் ஜெனரிக் ஆனாலும் மலேசியாவில் விற்க தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏயில் பதிந்திருக்க வேண்டும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும், பாருங்கள். ஜெனரிக் மருந்தை அசலோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் ஏறும் அளவு 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இதைக் கேட்டதும் "அப்போ இருபது விழுக்காடு குறைச்சலா இருக்கலாமா" என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது, சராசரியைச் சுற்றியுள்ள தடுமாற்ற வரம்பு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். சராசரி நூறை விட்டு விலக விலக அப்படி அடங்குவது கடினமாகும். ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் கொடுக்கும் சாதாரண மாத்திரைகளில் ஜெனரிக்கை நம்பி மாறலாம் என்பது என் உறுதியான கருத்து. காசு மிச்சம் மட்டுமே மாற்றத்துக்குக் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2018இல் ரத்தக் கொதிப்புக்கான வல்சார்டான் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்ற மாசு கண்டுபிடிக்கப்பட்டுப் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன, மலேசியாவிலும்தான். அப்போது மாறியவர்கள் பாதுகாப்புக்காக மாறினார்கள்.

ஆனால் சில மருந்துகளில் கம்பெனி மாறுவதையே லேசாக எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான பெனிட்டோயின், கார்பமசிபைன், தைராய்டுக்கான லெவோதைராக்சின், மனநோய்க்கான லித்தியம், சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் போதிய அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல். வலிப்பு மருந்தை முடிந்தவரை ஒரே கம்பெனியிலேயே வைத்திருங்கள். வார்ஃபரின் கம்பெனி மாறினால் ஒரு வாரத்துக்குள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பாருங்கள். லெவோதைராக்சின் மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். வார்ஃபரினை விட்டு, அதே வேலை செய்யும் அபிக்சபானுக்குப் போவதென்றால் இன்றைக்கு நிறுத்தி நாளைக்குத் தொடங்குவது கிடையாது. ஐஎன்ஆர் 2க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ரத்தக் கசிவில் முடியும். அட்டெனோலோல், பிசோப்ரோலோல் மாதிரி நெஞ்சுத் துடிப்பை அடக்கும் மாத்திரைகளை இடைவெளி விட்டு மாற்றக் கூடாது. திடீரென்று நின்றால் துடிப்பு எகிறி மாரடைப்புவரை போகும். இவை சர்க்கரைத் தாழ்வின் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் தெரியும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் குப்பி இன்னொரு கம்பெனியின் பேனாவில் பொருந்திய மாதிரி தெரிந்தாலும் அளவு தவறும். குப்பி மாறினால் பேனாவும் மாற வேண்டும், கேட்டு வாங்குங்கள். மனித இன்சுலின் கலவையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், புதிய வகை அனலாக் கலவையைத் தட்டு முன்னால் வந்த பிறகு போடலாம். மாறிய பிறகும் பழைய வழக்கப்படி அரை மணிக்கு முன்பே போட்டால் சோறு வருவதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். நாளுக்கு இரண்டு தடவை போட்ட கலங்கல் இன்சுலினை விட்டு ஒரே தடவை போடும் கிளார்ஜினுக்கு வந்தால், மொத்த யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் தொடங்குவார்கள். அதாவது 30 யூனிட் போட்டவர் 24இல் தொடங்குவார்.

ஆஸ்துமா மாதிரி மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து போடுகிறவர்களுக்கு ஒன்று: அமுக்கும் பம்பில் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பொடி மருந்துக் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர் பழைய மாதிரியே இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

பேனல் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், தம்பி இன்னும் வேலையில் இருப்பதால். முதலாளி ஒரு நிர்வாகக் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார். அந்தக் கம்பெனி கிளினிக்குகளோடு ஒப்பந்தம் செய்து, ஒரு தடவைக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைக்கிறது. வரம்பு நெருங்கும்போது மருந்து மாறுவது அங்கேயும் நடக்கும். அதே மருந்தின் கம்பெனியை மாற்றுவதில் தவறில்லை. மருந்தையே மாற்றும் முடிவு டாக்டருடையது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தில் இப்படிப்பட்ட நிர்வாகக் கம்பெனிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நோயாளிக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்பதில் டாக்டருக்குள்ள அதிகாரத்தை மாற்றும் ஒப்பந்தத்தை அது தடுக்கிறது. ஆகவே "கம்பெனி லிஸ்டில் இல்லை" என்று முகப்பில் சொன்னால், "டாக்டர் பார்த்துத்தான் மாற்றினாரா, என்ன காரணம்?" என்று மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. கையிலிருந்து காசு போட்டுப் பழைய மருந்தையே தொடரலாமா என்று முடிவு செய்ய அது உதவும்.

அரசாங்க கிளினிக்கில் வேறு மாதிரி. அங்கே சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியல்தான் அளவுகோல், ஒவ்வொரு மருந்துக்கும் யார் எழுதலாம் என்று எழுத்து போட்டிருக்கும். பி என்றால் சாதாரண மருத்துவ அதிகாரி எழுதலாம். ஏ/கேகே என்றால் குடும்ப மருத்துவ நிபுணரும் அவருக்கு மேலே உள்ளவர்களும். ஏ என்றால் மருத்துவமனை நிபுணர். "இதை நான் எழுத முடியாது" என்று இளம் டாக்டர் சொன்னால் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம், அந்த மருந்து அவர் எழுத்துக்கு மேலே இருக்கிறது. "குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க முடியுமா, அல்லது ஈப்போ பைனுன் மருத்துவமனைக்குக் கடிதம் தருவீர்களா" என்று கேளுங்கள். அரசாங்கம் கொடுக்கும் மருந்து என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்ற கூச்சம் நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அன்றைய தோட்ட மருத்துவ உதவியாளரான டிரசர் கொடுத்ததைக் கேட்காமல் விழுங்கிய பழக்கம் அது. கேளுங்கள், கேட்டால்தான் தவறு பிடிபடும்.

போகும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒரு பையில் கொண்டுபோங்கள், பழையது, புதியது, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, பாகற்காய்ப் பொடி உட்பட. பேனல் கிளினிக்கிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, கிரியேட்டினின் முடிவுகளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தாளில் மருந்தின் பொதுப் பெயர், எதற்கு, எப்போது, பழையதில் எதற்குப் பதில், பழையதை நிறுத்திய தேதி என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அப்பாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும், மருந்து உறையிலோ மலாய்தான் இருக்கும். செபெலும் மாக்கான் என்றால் சாப்பாட்டுக்கு முன், செலெபாஸ் மாக்கான் என்றால் சாப்பிட்ட பின், செபெலும் திடோர் என்றால் தூங்கும் முன், பிலா பெர்லு என்றால் தேவைப்படும்போது மட்டும். இந்த நான்கையும் உறை மேலேயே தமிழில் எழுதிவிடுங்கள். மிஞ்சிய பழைய மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் அரசாங்க மருந்தக முகப்பில் திருப்பிக் கொடுக்கலாம். அவர் கண்ணில் படாமல் இருப்பது முக்கியம், பட்டால் மறுபடி எடுத்துப் போடுவார்.

முதல் இரண்டு வாரம் காலையில் வெறும் வயிற்றிலும் மாலைச் சாப்பாட்டுக்கு முன்னும் சர்க்கரை பார்த்து எழுதுங்கள். ரத்தக் கொதிப்பை ஏழு நாள், காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். வீட்டில் சராசரி 135/85ஐத் தாண்டினால் புத்தகத்தோடு போய்க் காட்டுங்கள். ஒரு நாள் ஏறியதற்காக ஓட வேண்டாம். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி. ஓய்வு பெற்றும் காலையில் நாலரைக்கே எழுந்து வெறும் தேத்தண்ணீரோடு தோட்டம் கொத்தப் போகும் பழக்கம் இருந்தால், கிளிக்லசைட்டை அந்தத் தேத்தண்ணீரோடு போடக் கூடாது. பசியாறுவதற்குச் சற்று முன்னால், தட்டு தயாரான பிறகு போடட்டும். விரதம் இருக்கும் நாட்களில் அந்த வேளை மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மருந்து மாறிய முதல் வாரத்தில் விரதம் வேண்டாம்.

வறட்டு இருமல் வந்தால் அது பெரிண்டோப்ரிலின் குணமாக இருக்கலாம், பழையதிலும் புதியதிலும் ஒன்றே. லோசார்டான் மாதிரி வேறு வகைக்கு மாற்றுவார்கள். மறுநாளே நேராக மாறலாம், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். இருமல் அடங்க ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

அப்பா கிள்ளானில் உங்களோடு சில மாதம் தங்க வந்தால், புறப்படும் முன்பே சுங்கை சிப்புட் கிளினிக் மருந்தகத்தில் எஸ்பியுபி என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். மீதி மாதங்களுக்கான மருந்தை உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள். அங்கே வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறியிருக்கும். அப்போதும் அந்தத் தாளில் பொதுப் பெயரைப் பார்த்து, ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.